பூனைக்குத் தெரிஞ்ச கண்ணாடி

வா மாப்ளே, உக்காரு. ஊட்டியில ஊடு கட்டிக் குடிபுகுந்த மொத மாசமே மூக்கு ஒழுகிட்டு வந்து நிக்கறே. நல்லாத்தான் இருக்குது.

தெக்குப் பக்கம் பூராவும் சன்னல் வெச்சிருக்கறேன்னு ஊரெல்லாம் சொன்னியேன்னு நேத்து வந்து பாத்தேன். மவராசன், நல்ல யோசனை. ஆனா அந்தக் கண்ணாடி? கோயமுத்தூருக்கு எறங்கிப் போயி, "சூடு துளிகூட உள்ளே வராது"ன்னு கடைக்காரரு சொன்னதைக் கேட்டு, கூட ரூவா குடுத்து வாங்கியாந்திருக்கறே. அவரு சத்தியவான். சூடு வரவே இல்லை. கீழே சித்திரையில வேகறவனுக்கு அது அமிர்தம். 2,240 மீட்டர் ஒசரத்துல, மார்கழி மாசத்துல, வெயிலை வாசல்லயே மறிச்சுப்போட்டு ஹீட்டருக்குக் கரண்டு பில்லு கட்டறவனை என்னன்னு சொல்றது? படிச்சவன்னு சொல்லலாம்.

அந்தக் கண்ணாடியோட சீட்டை எடு. எஸ்.எச்.ஜி.சி. 0.25ன்னு போட்டிருக்குதா? கண்ணாடி மேல விழற வெயில் சூட்டுல கால் பங்குதான் உள்ளே வரும். என்ற ஊட்டு சாதாக் கண்ணாடி 0.80க்கு மேல விடும். காலையில ஒம்பது மணிக்கு என்ற பூனை சன்னலோரம் காவித்தரையில படுத்தா, வெயில் நகர நகர அதுவும் நகரும். அதே பூனை உன்ற ஊட்டுக்கு வந்து, சன்னலை ஒரு தரம் பாத்துட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால போயிப் படுத்துக்கிச்சு. அப்பவே எனக்கு வெளங்கிருச்சு.

மார்கழி உச்சிப்பொழுதுக்கு இங்கெ சூரியன் தெக்கே சாஞ்சு 55 டிகிரியில நிக்கும். ஏழடி லிண்டல் வரைக்கும் கண்ணாடி இருந்தா, தரையில அஞ்சடி தூரம் வெயில் விழும். நீ அதுக்கு மேல ரெண்டடி சன்ஷேடு போட்டு வெச்சிருக்கறே. மேல்கண்ணாடி மூணடி நிழல்ல கெடக்குது. ஓரடி போதும்டா. சித்திரையில பொசுங்கிருவமேன்னு பயப்படாதே. அப்ப சூரியன் உச்சந்தலைக்கு மேல போயிரும், தெக்குச் சன்னல்ல எட்டிக்கூடப் பாக்காது.

ராத்திரி சங்கதி வேற. பக்கத்துல தலைக்குந்தாவுல புல்லு வெள்ளையா வெறைக்கற நாளெல்லாம் மேகமில்லாத நாளு. பகல்ல வெயிலு தாராளம், பொழுது எறங்குனா அந்தச் சூடு கண்ணாடி வழியாவே ஓடிரும். ரெட்டைக் கண்ணாடி போட்டா ஓடறது பாதியாக் கொறையும். சூட்டை வெளியே போகவிடாமத் திருப்பற லோ-ஈ பூச்சு வேணும்னா வாங்கு, ஆனா வெயிலை உள்ளே விடற ரகமாப் பாத்து வாங்கு. கடையிலயே ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி ரெட்டைக் கண்ணாடி முன்னால புடி. நாலு சுடர் தெரியும். ஒண்ணு மட்டும் நெறம் மாறித் தெரிஞ்சா பூச்சு அங்கெ இருக்குது. வெளிப்பக்கத்துல இருந்து எண்ணினா அது மூணாவதா வரணும். கடைக்காரரு ஒரு மாதிரியாப் பாப்பாரு. பாத்துட்டுப் போறாரு.

அதுக்கெல்லாம் காசில்லைன்னா, சாதாக் கண்ணாடியை மாட்டி, அஞ்சு மணிக்குக் கெட்டித் திரையை இழுத்து மூடு. பகல்ல வெயில் படற தரையில கம்பளம் விரிக்காதே, தரை சூடு குடிக்கட்டும்.

இப்ப இருக்கற கண்ணாடியை மேக்காலச் சன்னலுக்கு மாத்திக்கோ. அந்த ஹீட்டரை மட்டும் எங்கிட்டக் கொண்டாந்து குடுத்துரு. கோழிக்குஞ்சு பொரிச்சிருக்குது, அதுகளுக்கு ஆகும்.