வேப்பங்குச்சியும் பட்டு நூலும்

1990ஆம் வருஷம். ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் எங்கே திரும்பினாலும் குச்சிக்கிழங்குக் காடுதான். கிழங்கு சேகோ ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகும். இலைக்காம்பு எங்களுக்கு நகையாகும். சிவந்த காம்பாகப் பார்த்துக் கிள்ளி, விரற்கடை அளவு ஒடித்து, ஒரு பக்கத் தோல் அறுந்துவிடாமல் மெல்ல உரித்து இறக்க வேண்டும். அடுத்த ஒடிப்பு எதிர்ப்பக்கம். இப்படியே மாற்றி மாற்றி ஒடித்துக்கொண்டு போனால் இரண்டு சரம் தொங்கும். அடியில் இலை பதக்கமாக ஆடும். காதில் மாட்டினால் பால் பிசுபிசுக்கும். ஆனாலும் ஆட்டி ஆட்டித்தான் நடப்போம்.

அந்த வருஷம்தான் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. ஒரு பவுன் 3,000 ரூபாயைத் தொடாத காலம். இருந்தது அரைப் பவுன் தோடு. அதை வைத்துத்தான் அப்பாவின் வைத்தியச் செலவைச் சமாளித்தோம்.

காது தூர்ந்துவிடக் கூடாதே என்று அம்மா வேப்பங்குச்சி ஒடித்துவந்தாள். பட்டையைச் சீவி, முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கி, மஞ்சள் தடவிச் செருகிக்கொண்டாள். அதுவும் வீட்டில் செய்த தோடுதான். ஆனால் ஊர் அதை வெறுங்காது என்றது. விசேஷ வீடுகளில் அம்மா முந்தானையைக் காதோரம் இழுத்து விட்டுக்கொள்வாள். சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திராமல் கிளம்பிவிடுவாள்.

ஒரு நாள் என் காம்பு ஜிமிக்கியைப் பார்த்து, "எனக்கும் ஒரு ஜோடி பண்ணிக் குடு கண்ணு" என்றாள். செய்து கொடுத்தேன். காதில் வைத்துக் கண்ணாடி பார்த்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் சட்டென்று கழற்றி என் கையில் திணித்துவிட்டாள். அவள் கை நடுங்கியது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இப்போது என் மகள் வீட்டிலேயே பட்டு நூல் ஜிமிக்கி கட்டுகிறாள். பேன்சி ஸ்டோரில் வாங்கிய பிளாஸ்டிக் குடைதான் அடிப்படை. இருபது இழையைச் சேர்த்துச் சீவித் தட்டையாக்கி, உள்விளிம்பில் ஒரு பொட்டுப் பசை வைத்து ஒட்டி, உச்சித் துளை வழியாக விட்டு, வெளிப்பக்கமாக இறக்கிச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தாலும் பிளாஸ்டிக் பல்லிளிக்கும். பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். விளிம்பில் கல் சரம், அடியில் ஒரு முத்து. முத்துக் கோத்த கம்பியை மேலே இழுத்து, குறட்டால் வளைத்துத் தோட்டில் மாட்டினால் ஜிமிக்கி தயார். பசை காய ஒரு ராத்திரி.

போன மாதம் உறவில் ஒரு கல்யாணம். அம்மாவின் மாம்பழ நிறப் புடவைக்குப் பொருத்தமாக ஒரு ஜோடி கட்டிக் கொடுத்தாள். மண்டபத்தில் பந்தி முடிந்தும் அம்மா எழுந்திருக்கவில்லை. தலையைத் திருப்பித் திருப்பி, "எம் பேத்தி வீட்டுலயே கட்டுனது" என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து மீட்ட அந்த அரைப் பவுன் தோடு பத்திரமாக இருக்கிறது. அன்றைக்கு ஒரு பவுன் வாங்கிய பணத்துக்கு இன்று அரை கிராம்கூட வராது என்பதால், அதைப் போட்டுக்கொண்டு வெளியே போக அம்மாவுக்குப் பயம். அன்று அடகுக்கடைப் பெட்டி, இன்று வங்கி லாக்கர். தங்கம் என்றைக்கும் பூட்டுக்குள்தான் இருந்திருக்கிறது. அம்மாவின் காது தூராமல் காத்தது வீட்டில் செய்ததுதான்.