‘இன்ஸ்டால் ஆகல’: லிங்கராஜபுரத்துப் பழங்கணினி குறித்து ஓர் ஆய்வு

வீட்டுக் கணினியில் ஒரு மென்பொருள் ஏற மறுத்தால் அதற்குக் காரணம் வைரஸ் என்பர் ஒரு சாரார். ராம் பத்தாது என்பர் மற்றொரு சாரார். "பாட்டு டவுன்லோடு பண்றதை நிறுத்தினா எல்லாம் சரியாயிடும்" என்பர் அடுக்களையிலிருந்து குரல் கொடுக்கும் சாரார். இம்மூன்றும் பொருந்தா. பழைய கணினியின் நிறுவல் தோல்வி பெரும்பாலும் நாளும் நேரமும் பற்றிய கோளாறே என்பது இக்கட்டுரையின் துணிபு. இதையாவது நிறுவிக் காட்டுவதே நம் நோக்கம்.

ஆய்வுக் களமாக லிங்கராஜபுரம் கொள்ளப்பட்டது. என்னை? பெங்களூரின் வடகிழக்கில், ரயில் பாதைக்கு மேல் ஏறி இறங்கும் மேம்பாலத்தின் இருபுறமும், குக் டவுனுக்கும் கம்மனஹள்ளிக்கும் பக்கத்தில் விரிந்து கிடப்பது இவ்வூர். 1809-இல் கண்டோன்மென்ட் ஏற்பட்ட நாள்தொட்டுத் தமிழர் வந்து தங்கிய பக்கம். 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கடை விரித்தது முதல் உலகத்துக்கே மென்பொருள் எழுதிக் கொடுத்து வருகிறது இந்த நகரம். நாகவாராவின் மான்யதா டெக் பார்க் இங்கிருந்து ஆட்டோவில் போய்விடும் தூரம்தான். தெருவுக்குத் தெரு மென்பொருள் பொறியாளர்கள். அவர்களுள் எவராலும் சொந்த வீட்டுக் கணினியில் ஒன்றையும் ஏற்ற முடியவில்லை என்பதே இக்களத்தின் தனிச்சிறப்பு.

"டேய், ஐடில தானே இருக்க? இதைக் கொஞ்சம் பாரேன்."

"நான் கிளவுட் டீம் மாமா. விண்டோஸ் தொட்டே ரொம்ப நாளாச்சு."

"அப்ப ஆபீஸ்ல என்னதான்டா பண்றே?"

இவ்வுரையாடல் சிறு பாடபேதங்களுடன் பல வீடுகளிலும் வழங்கி வருவது.

ஆய்வுப் பொருள் ஒரு கணினி. ஹாலின் மூலையில், மானிட்டருக்கு மட்டும் உறை போட்டு, தூசியெல்லாம் போக வேண்டிய சிபியூவைத் தரையில் வைத்திருக்கும் மரபைச் சேர்ந்தது. விண்டோஸ் 7, 2 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஏற்ற வேண்டியது ஜாதகம் கணிக்கும் மென்பொருளின் புதிய பதிப்பு. பேத்திக்கு வரன் வந்திருக்கிறது. தாத்தா பொருத்தம் பார்க்க வேண்டும். போனில் பார்க்கலாமே என்றவர்களுக்குத் தாத்தா பதில் சொல்லவில்லை. ஆய்வாளரும் அவர் பக்கமே. பத்துப் பொருத்தத்தை விளம்பரத்துக்கு நடுவே பார்ப்பது முறையன்று.

தொல்காப்பியம் முதற்பொருளாக நிலத்தையும் பொழுதையும் வைத்தது. நம் ஆய்வும் அவ்வழியே செல்லும். நிலம் என்பது சி டிரைவ். பொழுது என்பது பயாஸ் கடிகாரம். உரிப்பொருள் கட்டத்துக்குக் கட்டம் மாறும்: பச்சைப் பட்டை 99 சதவீதத்தில் நிற்க, வீடே அதைப் பார்த்தபடி இருப்பது முல்லை, ஏறிய கோப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போவது பாலை, மாமாவும் மருமகனும் பேசிக்கொள்ளாதது மருதம்.

நிலத்தை விரைவில் முடித்துவிடலாம். கணினியைப் பூட்டிக் கொடுத்த பையன் அந்நாளைய வழக்கப்படி டிஸ்க்கைத் துண்டு போட்டு, சி டிரைவுக்கு 30 ஜிபி கொடுத்துவிட்டுப் போனான். டி-யில் பாட்டு, இ-யில் கல்யாண வீடியோ. சி நிரம்பிவிட்டது. "டி-லதான் இடம் இருக்கே, அங்க போடேன்" என்பது வீட்டார் வாதம். மென்பொருளை டி-யில் வைக்கச் சொன்னாலும், மூட்டையை அவிழ்க்கும் இடம் சி டிரைவின் டெம்ப் ஃபோல்டர்தான். ஆகவே சி-யைக் காலி செய்யாமல் காரியம் நடவாது. டிஸ்க் கிளீனப் ஓட்டினால் ஓரளவு தேறும். மேலும் விரிப்பின் பெருகும்.

இனிப் பொழுது.

மதர்போர்டில் சிஆர்2032 என்று ஒரு பட்டன் பேட்டரி உண்டு. 3 வோல்ட். விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர், 2032 என்ற எண் வந்த வழி அது. கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரம் ஓட வேண்டுமே, அதற்குத்தான் இந்தப் பேட்டரி. ஆனால் சுவர் ஸ்விட்ச் போட்டே இருந்தால், பவர் சப்ளையிலிருந்து எப்போதும் வந்துகொண்டிருக்கும் 5 வோல்ட் மின்சாரம் கடிகாரத்தைக் கவனித்துக்கொள்ளும்; பேட்டரிக்கு ஓய்வு. சுவர் ஸ்விட்சை அணைத்தால் சுமை முழுவதும் பேட்டரியின் தலையில்.

நம் ஆய்வுக்குரிய வீட்டில் மாமா இரவு படுக்கும் முன் ஹாலைச் சுற்றி வந்து ஒவ்வொரு ஸ்விட்சாக அணைப்பார். "ஸ்டாண்ட்பைல வீணா கரண்ட் போகுது" என்பது அவர் கோட்பாடு. கோட்பாட்டில் பிழை இல்லை. ஆண்டுக்கணக்கில் மிச்சமான அந்தச் சொற்ப மின்சாரத்தின் மறுபக்கமாகப் பேட்டரி செத்தது. அன்றிலிருந்து கணினியைப் போடும்போதெல்லாம் அதற்கு 2009 ஜனவரி 1. திரையின் வலது கீழ் மூலையில் அது பளிச்சென்று எழுதியே இருந்தது. மணி பார்க்க எல்லோரும் போனைப் பார்ப்பதால் அதை ஒருவரும் பார்க்கவில்லை. தேதி பார்க்கத் தினக்காலண்டர் இருந்தது. அதை ஒழுங்காகக் கிழித்து வந்தார் தாத்தா.

தேதி தப்பினால் மென்பொருள் ஏன் ஏறாது? இன்றைய நிறுவல் கோப்பு பெரும்பாலும் வெறும் தூதுவன். உள்ளே சரக்கு இருக்காது. இணையத்தில் போய் எடுத்து வரும். எதிர்முனையில் உள்ள தளம் தன்னை நிரூபிக்க ஒரு சான்றிதழை நீட்டும். இன்ன நாள், இன்ன நொடி முதல் இன்ன நாள், இன்ன நொடி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். லெட்ஸ் என்க்ரிப்ட் தருவது போன்ற சான்றிதழ்களின் ஆயுள் வழக்கமாக 90 நாள். 2009-இல் வாழும் கணினிக்கு இது இன்னும் பிறக்காத குழந்தை காட்டும் பிறப்புச் சான்றிதழ். கதவைச் சாத்திவிடுகிறது. இவ்வளவையும் விளக்க வேண்டிய நிறுவல் கோப்போ, "இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று மட்டும் சொல்லி விலகுகிறது. உடனே ரவுட்டர் அணைக்கப்படும். பத்து எண்ணி மீண்டும் போடப்படும். ரவுட்டர் ஒரு பாவமும் அறியாதது.

சான்றிதழுக்கும் தோற்றம், மறைவு இரண்டும் உண்டு என்பதை உலகம் ஒருமுறை நன்றாகவே உணர்ந்தது. 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் காலாவதியாக, தேதி சரியாக இருந்த பழைய கருவிகள் பலவும் பல தளங்களைத் திறக்க மறுத்தன. ஆக, கருவிக்கு நேரம் தப்பினாலும் கெடும். நேரம் சரியாக இருந்தாலும் கெடும். சோதிடத்திலும் இப்படி ஒரு நிலை உண்டு என்று தாத்தா சொன்னார். அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும், பிறந்த நேரம் கொஞ்சம் பிசகினாலும் ஜாதகம் பிசகும் என்று வருவோர் போவோரிடமெல்லாம் வற்புறுத்துபவர் அவர். தம் கணினிக்குப் பதினைந்து ஆண்டுக்கு மேல் பிசகியிருந்ததுதான் ஈண்டு நோக்கத்தக்கது.

பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைத்தது. கணினிச் சாமான் விற்கும் எஸ்.பி. ரோடு வரை போக வேண்டியிருக்கவில்லை. தேதி திருத்தப்பட்டது. பட்டை நகர்ந்தது. பாதியில் நின்று, 1603 என்றது.

இந்த 1603-ஐப் பற்றி அறிஞரிடையே பெருங்குழப்பம் நிலவுகிறது. சிலர் வீட்டில் 0x80070643 என்று வருகிறது; அது வேறு நோய் என்று கருதி வேறு மருந்து தேடுவோர் உளர். இரண்டும் ஒன்றே. கடைசி மூன்று இலக்கமான 643-ஐப் பதினாறின் அடிமானத்தில் படித்தால், 6 பெருக்கல் 256, 4 பெருக்கல் 16, அதனுடன் 3, கூட்டினால் 1603. பொருளும் ஒன்றே: ‘ஏதோ ஆகிவிட்டது’. அதற்கு மேல் அந்த எண்ணுக்கே தெரியாது. இதன் பங்காளி 1618. வேறொரு நிறுவல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். பொன் விகிதமும் 1.618 என்பதை வைத்து ஒரு முனைவர் பட்டம் முயலத்தக்கது.

1603 வந்தால் எண்ணைத் தேடிப் பயனில்லை. நிறுவலைக் கட்டளை வரியிலிருந்து ஓட்டி, நடந்ததையெல்லாம் ஒரு கோப்பில் எழுதச் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான வரிகள் வரும். அதில் ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்ற சொற்களைத் தேட வேண்டும். விழுந்த இடம் அது. தள்ளிவிட்டவர் அதற்குச் சற்று மேலே இருப்பார். மருமகன் இதைச் செய்தபோது, மேலே ஒரு பாதையில் ஆறு கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன.

கணினியில் தாத்தாவின் கணக்கு ‘தாத்தா’ என்றே இருந்தது. தமிழில். எழுத்துக்கருவி ஒன்றைப் போட்ட உற்சாகத்தில் தாமே தட்டியது. இலக்கணப்படி அது மூன்றெழுத்து: தா, த், தா. யூனிகோட் கணக்கில் ஆறு: த, துணைக்கால், த, புள்ளி, த, துணைக்கால். பழைய மென்பொருள்கள் நாடும் ஆன்சி குறிமுறைப் பட்டியலில் விண்டோஸ் தமிழுக்கு இடம் வைக்கவே இல்லை. யூனிகோடில் மட்டுமே தமிழ் உண்டு. ஆகவே யூனிகோட் அறியாத நிறுவல் கோப்பு, ஆறையும் ஆறு கேள்விக்குறியாகப் படித்தது. விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் கேள்விக்குறி வரக்கூடாது. தாத்தாவின் டெம்ப் ஃபோல்டர் இப்படி இல்லாத ஊராகிவிட்டது. கணக்கின் பெயரை மாற்றினாலும் ஃபோல்டர் பெயர் மாறாது. சி டிரைவிலேயே ஆங்கில எழுத்தில் வேறொரு டெம்ப் ஃபோல்டர் போட்டு, அதைப் பயன்படுத்தச் சொன்னால் தீர்ந்தது. தாய்மொழிப் பற்றுக்கும் பங்கமில்லை.

தமிழுக்கும் விண்டோஸுக்கும் உள்ள உறவு இப்போது எவ்வளவோ தேவலை. எக்ஸ்பி காலத்தில் தமிழ் ஒழுங்காகத் தெரிய, மொழி அமைப்பில் ஒரு கட்டத்தை டிக் செய்ய வேண்டும். செய்தவுடன் ஒரிஜினல் சிடியைப் போடு என்று கேட்கும். ஒரிஜினல் சிடிக்கு இந்தத் தெருவில் எங்கே போவது? கிடைத்தவர்களுக்கு லதா என்ற எழுத்துரு தமிழைக் காட்டியது. பேரப்பிள்ளைகளின் கன்னட வீட்டுப்பாடத்துக்குத் துங்கா வந்தாள். போதாதென்று எ-கலப்பையும் அழகியும் நுடியும் ஒரே கணினியில் குடியேற, எந்த விசை எந்த மொழி என்று விசைப்பலகைக்கே தெரியாத வீடுகள் இருந்தன.

இனி மறுப்பு. "பார்மட் பண்ணிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்பது ரிப்பேர்க் கடைகளின் கொள்கை. புதுசு மாதிரி ஆகும் என்பது உண்மை, கேடும் அதில்தான். பார்மட் செய்த விண்டோஸ் 7 தன் பிறந்த ஆண்டான 2009-க்கோ, சர்வீஸ் பேக் 1 வந்த 2011-க்கோ திரும்பிவிடும். 2019-இல் கையொப்ப முறை ஷா-2-க்கு மாறியபோது அதைப் படிக்கக் கற்றுத்தந்த அப்டேட் அதனிடம் இருக்காது. பின்னால் வந்த டிரைவர்களையும் மென்பொருள்களையும் அது போலி என்றே நினைக்கும். குரோம் வேண்டுமென்றால் 109-ஆம் பதிப்போடு நிற்க வேண்டும். பேட்டரி செத்திருந்தால் பார்மட்டுக்குப் பிறகும் தேதி 2009-தான். ஆகவே பார்மட் மதம் ஏற்கத்தக்கதன்று. கடைக்காரர் மீது நமக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை.

ஜாதக மென்பொருள் ஏறியது. விண்டோஸ் 7-ஐ ஏற்கும் கடைசிப் பதிப்பு. பத்தில் ஏழு பொருத்தம் என்றது. கட்டுரையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் மருமகன் வெற்றிக் களிப்பில் அடுத்த பிரச்சினையைக் கிளப்பினான். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்தது, விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, 11 கேட்கும் டிபிஎம் 2.0 இந்தக் கணினியில் இல்லை. லினக்ஸ் போட்டுவிடலாம் என்றான்.

"அதுல ஜாதகம் வருமா?"

"வைன்னு ஒண்ணு இருக்கு மாமா, அது வழியா ஓட்டலாம்."

"அந்தப் பேச்சே இந்த வீட்ல வேண்டாம்."

அடுக்களைச் சாரார் தலையிட்டு, ஆடி பிறந்துவிட்டதால் புதிதாக எதையும் தொடங்குவதற்கில்லை என்று தீர்ப்பளித்தனர். ஆடி கழிந்ததும் லினக்ஸ் போட நல்ல நாள் பார்க்க வேண்டும். நாள் பார்த்துச் சொல்லும் மென்பொருள் அந்த சி டிரைவில்தான் இருக்கிறது.