தொண்ணூறுக்கு மேலே ஒரு புள்ளி

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்சின் கண்ணாடியைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் இருக்கும். வேகத்தைக் கணக்கிடுவதற்காக அதில் எண்கள் அச்சிட்டிருப்பார்கள். 90 என்ற எண்ணோடு ஒரு புள்ளியும் உண்டு. ஏறத்தாழ 1970 வரை அந்தப் புள்ளி எண்ணின் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பிறகு என்ன தோன்றியதோ, இறங்கிவந்து பக்கத்தில் நின்றுகொண்டது. மேலே இருந்தால் ஒரு விலை, பக்கத்தில் இருந்தால் இன்னொரு விலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம்.

அந்த வளையமோ, கத்தி முனையால் பதமாக நெம்பினால் கழன்று வந்துவிடும். புதிய வாட்சில் பழைய வளையத்தை மாட்டலாம். பழைய வளையம் கிடைக்காவிட்டால் அதையே போலியாகச் செய்து மாட்டலாம். பழைய வாட்ச் பைத்தியங்களின் தூக்கம் தொலைவது இங்கேதான். ஒரு வாட்சை அபூர்வமாக்கும் அம்சம் எதுவோ, பெரும்பாலும் அதுதான் சுலபமாக மாற்றக்கூடிய பாகமாகவும் இருந்து தொலைக்கிறது.

ஆரஞ்சு முள்ளின் கதையும் இப்படித்தான். 1968 வாக்கில் வந்த ஸ்பீட்மாஸ்டர்களில் சிலவற்றுக்கு மட்டும் ஸ்டாப்வாட்ச் முள் ஆரஞ்சு நிறத்தில் அமைந்தது. 1971-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஓடிய அல்ட்ராமேன் தொடரில் ராட்சத மிருகங்களோடு மல்லுக்கட்டும் படையினர் இதைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வாட்சுக்கும் அல்ட்ராமேன் என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் வெள்ளை முள்ளைப் பிடுங்கிவிட்டு ஆரஞ்சு முள்ளைக் குத்துவது, கை பழகிய மெக்கானிக்குக் காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் முள்ளைப் பார்ப்பதற்கு முன் பின்மூடியைத் திறந்து மெஷினின் எண்ணைப் பார்ப்பார்கள். இரண்டு கோடியே அறுபது லட்சத்தைத் தாண்டிய ஒரு குறுகிய வரிசைக்குள் அந்த எண் இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

அடுத்த சோதனை இருட்டில். 1950-களின் வாட்ச்களில் ஒளிரும் பூச்சுக்கு ரேடியத்தைச் சேர்த்தார்கள். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அது இன்னும் திடகாத்திரமாகத்தான் இருக்கிறது. அதோடு கலந்திருந்த துத்தநாக சல்ஃபைடுதான் கதிர்வீச்சில் அடிபட்டு ஓய்ந்துவிட்டது. 60-களில் வந்த டிரிட்டியத்துக்கு அரை ஆயுள் சுமார் 12 ஆண்டுகள்தான். அது தானாகவே அடங்கிப்போயிருக்கும். இருட்டில் வாட்ச் பளிச்சென்று மணி காட்டினால் வாங்க வந்தவர் முகம் கறுக்கும். இருட்டில் மணி ஒன்றும் தெரியாமல், கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியை ரேடிய வாட்சின் பக்கத்தில் கொண்டுபோனதும் அது படபடவென்று கத்தினால் மனிதருக்கு அப்படியொரு பூரிப்பு! வேறெந்தப் பொருளை வாங்கும்போதும் கதிர்வீச்சு இருக்கிறது என்று இப்படி மகிழ்ந்தவர் இருக்க முடியாது.

பழைய சர்வீஸ் சென்டர்காரர்கள்தான் பாவம். வெளுத்த முள்ளை மாற்றினார்கள், மங்கிய டயலுக்குப் புதுசு போட்டார்கள், கேஸைப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கிக் கொடுத்தார்கள். வாடிக்கையாளரும் வாயார வாழ்த்திவிட்டுத்தான் போனார். அந்த உபகாரங்களையெல்லாம் இன்றைய சேகரிப்பாளர்கள் குற்றப்பட்டியல்போல் வாசிக்கிறார்கள்.

ரோலெக்ஸ் டேடோனாவில் 'எக்ஸாட்டிக்' டயல் என்று ஒன்று. வந்த காலத்தில் அதைச் சீந்துவாரில்லை. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்தார் என்றானதும், சாதாரண டேடோனாக்கள் பல இரவோடு இரவாக டயல் மாற்றிக்கொண்டு எக்ஸாட்டிக் ஆகிவிட்டன. லென்ஸைக் கண்ணில் இடுக்கி உள்வட்டத்தைப் பார்க்க வேண்டும்: அசலில் ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் கடுகைவிடச் சின்னதாய் ஒரு சதுரம் உட்கார்ந்திருக்கும். நியூமனின் சொந்த வாட்ச், பார்த்து ஓட்டச் சொல்லி மனைவி ஜோன் உட்வர்ட் பின்மூடியில் பொறித்துக் கொடுத்தது, 2017-இல் நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

ஆனால் கூத்து என்றால் அது 2021 நவம்பரில் ஜெனீவாவில் நடந்ததுதான். ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு ஒரு ஸ்பீட்மாஸ்டர் வந்தது. 2915-1 என்ற மாடல். 1957-இல் வெளிவந்த முதல் வரிசை. அகன்ற அம்பு மாதிரி மணி முள், எஃகு வளையம். எல்லாவற்றுக்கும் மேலாக, கறுப்பாக இருந்திருக்க வேண்டிய டயல் பழுப்பேறிக் கிடந்தது. வெயிலும் காலமும் சேர்ந்து சாயத்தைக் கெடுத்தால் இப்படி ஆகும். நியாயமாகப் பார்த்தால் இது பழுது. ஏலக்காரர்கள் இதற்கு 'டிராபிக்கல்' என்று பெயர் சூட்டி விலையை ஏற்றிவிட்டார்கள். போகக்கூடிய விலை 80,000 முதல் 1,20,000 சுவிஸ் ஃபிராங்க் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 31,15,500 ஃபிராங்குக்கு! மேல்மதிப்பீட்டைப் போல ஏறத்தாழ 26 மடங்கு. ஒமேகா வாட்ச் எதுவும் அதுவரை பார்க்காத விலை.

2023-இல் சுவிஸ் நாளிதழான நொய்யே சூர்ச்சர் சைட்டுங் குட்டை உடைத்தது. அந்த வாட்ச் பல பழைய வாட்ச்களின் பாகங்களைக் கோத்துச் செய்தது. பாகங்களில் பெரும்பாலானவை அசல்தான். அதனால்தான் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டம். சென்னைப் புதுப்பேட்டையில் திரட்டிய உதிரிபாகங்களால் ஒரு பழைய புல்லட்டை எழுப்பி நிறுத்தினால், அதன் ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் புல்லட்டுடையதாகவே இருக்கும். ஆனால் அப்படியொரு புல்லட் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளியே வந்திருக்காது. வாட்ச் உலகில் இப்படிப்பட்ட பிறவிக்கு ஃபிராங்கன்வாட்ச் என்று பெயர்.

இவ்வளவு பணத்தைக் கொட்டி வாங்கிய ஏமாளி யார்? ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம்! தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் பங்கு உண்டு என்றது நிறுவனம். அவர்களில் ஒருவர் அந்த அருங்காட்சியகத்தின் தலைவராகவே இருந்தவர். இந்த அபூர்வப் பொருள் நம் சேகரிப்பில் இல்லாமல் இருக்கலாமா என்று மேலதிகாரிகளை வற்புறுத்தி வாங்க வைத்தவரே அவர்தான் என்பது குற்றச்சாட்டு.

ஃபிலிப்ஸ் தரப்பின் விளக்கம் இன்னும் ருசியானது. மெஷினின் எண், தயாரான தேதி முதலியவற்றை ஒமேகாவிடமே கேட்டு உறுதிசெய்துகொண்டோம் என்றார்கள். பழைய பதிவேட்டைப் புரட்டிப் பதில் சொன்னது ஒமேகா. ஏலத்தில் எடுத்தது ஒமேகா. மோசடி என்று கூவி, கிரிமினல் வழக்குத் தொடுக்கப் போவதாக அறிவித்ததும் ஒமேகாவேதான்.