டம்ளர் அடியில் தங்கும் சர்க்கரை: ஓர் ஆய்வுரை

டீயைக் குடித்து முடித்தபின் டம்ளரின் அடியில் கிடக்கும் சர்க்கரையைப் பற்றி இதுகாறும் முறையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை. 'இதுகாறும் வெளிவரவில்லை' என்று தொடங்காத ஆய்வேட்டை எந்தக் குழுவும் புரட்டிப் பார்ப்பதில்லையாதலின் இவ்வுரையும் அவ்வாறே தொடங்கிற்று என்க.

டீ தெவிட்டிய கரைசலாகிவிட்டது, அதனால்தான் அடியில் சர்க்கரை மிஞ்சுகிறது என்பர் ஒருசாரார். கரைதிறன் வரைபடத்தைப் பார்த்தவர், டம்ளரைப் பாராதவர் கூற்று அது. 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். கொதிநிலையில் 480 கிராமுக்கும் மேல். ஒரு டம்ளர் டீயில் விழுவதோ இரண்டு ஸ்பூன், மிஞ்சிப்போனால் 10 கிராம். கல்யாணச் சமையற்காரர் கைதவறிக் கொட்டினாலும் தெவிட்டுநிலை எட்டாது. பாலின் கொழுப்பு இடத்தை அடைத்துக்கொள்ளாதோ எனின், அடைக்காது. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீரே. டீ ஆறிவிட்டால் எனின், மேற்சொன்ன 200 கிராம் ஆறிய தண்ணீருக்கு உரிய கணக்குதான். 20 டிகிரியில் 36 கிராம், கொதிநிலையில் 39 கிராம் எனச் சூட்டை ஒரு பொருட்டாகவே மதிக்காத உப்பைப் பற்றிச் சண்டையிட ஒன்றுமில்லையாதலால் அது விலக்கப்பட்டது. சூடேறினால் சோடாவிலிருந்து வாயு வெளியேறும். அதற்குத் தனி நூல் வேண்டும்.

ஆகவே வினா எவ்வளவு கரையும் என்பதன்று, எவ்வளவு விரைவாகக் கரையும் என்பதே. கரையும் வேகம், தெவிட்டுநிலைச் செறிவுக்கும் கரைசலில் அப்போதுள்ள செறிவுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பொறுத்தது என 1897இல் நாய்ஸ், விட்னி என்னும் இருவர் நிறுவினர். அடியில் கிடக்கும் சர்க்கரைமணியைச் சூழ்ந்திருப்பது டீ அன்று. அந்த மணியே கரைந்து உண்டான பாகு. பாகு டீயைவிடக் கனம், எனவே கிளம்பாது. கலக்காமல் விட்டால் அந்த இனிப்பு தானாகவே பரவி மேல்விளிம்பை எட்ட வாரக்கணக்காகும். அதுவரை காத்திருந்து டீ குடிப்பார் இலர். கற்கண்டு இன்னும் தாமதிக்கும். அதே எடைக்கு அதன் வெளிப்பரப்பு குறைவு.

இனி, கலக்கும் முறை. டீ மாஸ்டர் ஒருமுறை தூக்கி ஆற்றியதும் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. ஆகையால் அம்முறை ஆய்வுக்கு உதவாது. ஸ்பூன் மரபோ வளமானது. வலஞ்சுழியாகவே கலக்க வேண்டும் என்னும் மூலச் சூத்திரத்துக்கு உரை வகுத்தவர், டம்ளரைப் பிடித்த கை எது என வினவினார். அவ்வுரைக்கு விளக்கம் தந்தவர், வலம் என்றது டம்ளரின் வலமோ குடிப்பவரின் வலமோ என்று பிரித்து முந்நூறு பக்கம் சென்றார். விளக்கத்தை மறுத்தவர், மேலிருந்து நோக்க வலஞ்சுழியாவது கீழிருந்து நோக்க இடஞ்சுழி என்று காட்டி, மேசைக்கடியில் மல்லாந்து படுத்துக் கண்டறிந்ததைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். எவர்சில்வர் டம்ளரில் கீழிருந்து ஒன்றும் தெரியாது என்ற பிழைதிருத்தத்தோடு அம்மறுப்பின் இரண்டாம் பதிப்பு வந்தது. நால்வரும் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டினர். நால்வருக்கும் பதவி உயர்வு கிட்டிற்று. நால்வரில் எவரும் டீ குடித்ததற்குச் சான்று இல்லை.

இரு சுழியாருக்கும் இடையூறாக நிற்பவர் ஐன்ஸ்டைன். சுழற்றிவிட்ட கோப்பையில் தேயிலைத்தூள் ஏன் நடுவில் குவிகிறது என்பதை 1926இல் அவர் விளக்கினார்: அடித்தளத்தின் உராய்வு அங்குள்ள நீரின் சுழற்சியைத் தளர்த்த, ஓரத்து நீர் அடிவழியே நடுவுக்கு ஓடிவந்து தூளைக் கூட்டிச் சேர்க்கிறது. அக்கட்டுரை ஆறுகள் வளைந்தோடுவதைப் பற்றியது, டீயைப் பற்றியதன்று எனத் தடை எழலாம். ஆற்றை விளக்க அவர் எடுத்துக்கொண்டதே டீக்கோப்பைதான். வலமாயினும் இடமாயினும் ஒரே பக்கமாகச் சுற்றிவிட்டு ஸ்பூனை எடுத்தால், கரையாத சர்க்கரையும் அவ்வாறே நடுவில் குவியும். பாதியில் ஸ்பூனைத் திருப்பி எதிர்ப்பக்கம் சுற்றினால் அந்த ஒழுங்கு குலைந்து பாகு மேலேறும். இதை இருசாராரிடமும் தெரிவித்தால் உடன்பாடு ஏற்பட்டுவிடக்கூடும். வரும் கருத்தரங்குக்கு மண்டபம் ஏற்கெனவே பதிவாகிவிட்டதால், தெரிவிப்பது ஒத்திவைக்கப்படுகிறது.