டெஸ்ட் ஓட்டாதிருக்கும் வழிகள்: ஓர் ஒப்பாய்வு

மென்பொருளின் மூலநிரலைப் பேக்கேஜாகக் கட்டும்போது, அதனோடு வரும் டெஸ்டுகளையும் ஓட்டிப் பார்க்கலாம். எப்படி ஓட்டுவது என்று லினக்ஸ் குடும்பங்கள் ஒவ்வொன்றும் எழுதி வைத்திருக்கின்றன. அந்த ஆவணங்களை ஒப்புநோக்கும் ஆய்வாளருக்கு முதலில் கண்ணில் படுவது, அவற்றில் புகழ்பெற்ற விருப்பங்கள் பலவும் ஓட்டாமலிருப்பதற்கானவை என்பதே.

மரபுகள் இரண்டு. டெபியன், ஆர்ச், ஆல்பைன் ஆகியவை 'தடுக்காதவரை ஓட்டு' மரபின. விலக்கு வேண்டுவோர் முதலிரண்டில் 'நோசெக்' என்றும், ஆல்பைனில் 'செக்' என்பதன் முன் ஆச்சரியக்குறி இட்டும் விண்ணப்பிக்க வேண்டும். ஜென்டூ 'கேட்டால் ஓட்டு' மரபு. நிக்ஸோ இரண்டிலும் கால் வைத்திருக்கிறது: பொதுவான பேக்கேஜுக்கு டெஸ்ட் இயல்பாக ஓடாது, பைத்தான் பேக்கேஜ் என்றால் ஓடும்.

ஆய்வுலகம் நின்று வியக்க வேண்டிய இடம் ஆர்பிஎம் என்ற பேக்கேஜ் அமைப்பு. பேக்கேஜைக் கட்டும் முறையைச் சொல்லும் அதன் ஸ்பெக் ஃபைலில் 'பிகாண்ட் விதவுட் டெஸ்ட்ஸ்' என்று எழுதியிருந்தால் டெஸ்ட் ஓடும். 'பிகாண்ட் வித் டெஸ்ட்ஸ்' என்றிருந்தால் ஓடாது. ஏடெழுதியவர் பிழை என்று தள்ளிவிடலாகாது. அந்த வரி நிலைமையைக் கூறவில்லை. கட்டுபவர் கையில் எந்த சுவிட்ச் தரப்படுகிறது என்பதைக் கூறுகிறது. 'விதவுட்' சுவிட்ச் இருக்கிறதென்றால், அதை அழுத்தாதவரை டெஸ்ட் உண்டு என்பது தானே பெறப்படும். தருக்கத்தில் ஓட்டையே இல்லை. ஆயினும் 4.17.1 பதிப்பில் வெறும் 'பிகாண்ட்' என்றொரு மேக்ரோ வந்தது; பெயருக்குப் பக்கத்தில் 1 அல்லது 0 போட்டால் முடிந்தது.

ஜாவா உலகின் கட்டும் கருவியான மேவன், துறவிலும் படிநிலை வகுத்திருக்கிறது. 'ஸ்கிப்டெஸ்ட்ஸ்' என்றால் டெஸ்டுகளைக் கம்பைல் செய்யும், ஓட்டாது, 'மேவன்.டெஸ்ட்.ஸ்கிப்' என்றால் கம்பைலும் செய்யாது. முன்னது சமைத்துவிட்டுப் பட்டினி கிடப்பது. பின்னது அடுப்பே மூட்டாதது.

டெபியனிலும் நோசெக் இரண்டு. ஒன்று 'ஓட்டாதே' என்கிறது. மற்றொன்று, டெஸ்டுக்கு மட்டுமே தேவைப்படும் பேக்கேஜுகளை நிறுவவே வேண்டாம் என்கிறது. இரண்டாவதை இடுபவர் முதலாவதையும் சேர்த்தே இட வேண்டும் என்பது விதி.

இவ்வளவும் சோம்பேறிகளுக்காக என்று எண்ணுவது பிழை. ஆர்ம் செயலிக்கான நிரலை இன்டெல் கணினியில் கட்டினால், கட்டியதை அங்கேயே நேரடியாக ஓட்ட வழியில்லை; டெஸ்ட் எங்கே ஓடும்? வட்டச் சிக்கல் இதைவிடச் சுவையானது. பைத்தான் டெஸ்டுகளை ஓட்டும் கருவியான பைடெஸ்ட் ஓடுவதற்கு ப்ளக்கி என்ற பேக்கேஜ் வேண்டும். ப்ளக்கியின் டெஸ்டுகள் ஓடுவதற்குப் பைடெஸ்ட் வேண்டும். புதிய பைத்தான் பதிப்புக்கு இவ்விரண்டையும் அடியிலிருந்து கட்டுபவர், முதலில் ப்ளக்கியை டெஸ்ட் இல்லாமல் கட்டுகிறார். அதை வைத்துப் பைடெஸ்டைக் கட்டுகிறார். பிறகு ப்ளக்கியையே மறுபடி எடுத்து, இம்முறை டெஸ்டோடு கட்டுகிறார்.