துறவியே அழுதார்!

கேள்வி: பூக்கட்டி விற்று எங்களைப் படிக்க வைத்த அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. அழுகை நிற்கவில்லை. ‘ஆம்பளை அழலாமா?’ என்கிறார்கள்.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: தாராளமாக அழுங்கள். வீடு, வாசல், செல்வம் எல்லாவற்றையும் உதறிய பட்டினத்தாருக்கே தாயை உதற முடியவில்லை. சிதை மூட்டும்போது 10 பாடல்கள் பாடிக் கரைந்தார். தன்னை வளர்க்க அவள் பட்ட பாட்டைப் பல பாடல்களில் சொல்கிறார். துறவியே அழலாம், குடும்பஸ்தருக்கு என்ன தடை?

அழுகையோடு விடாதீர்கள். நனைத்த வாழைநாரை மெல்லிசாகக் கிழித்து, பேச்சு நிற்காமலே அம்மா முழம் முழமாகக் கட்டியிருப்பாரே, அந்த விரல் வேகத்தைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பூ விற்றவர்களுக்கு இன்னும் நிறையத் தெரியும், போய்க் கேளுங்கள்.