மைனஸ் அடி மாநகராட்சி

நாகர்கோவிலில் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் எதிர்மறை எண் தெரியும். சொல்லிக்கொடுத்தது ஊருக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணை. முழு உயரம் 25 அடி. கோடையில் பூஜ்யத்துக்கு இறங்கும். வேறு ஊராக இருந்தால் கணக்கு அங்கே முடிந்திருக்கும். இங்கே முடியாது. மைனஸ் ஐந்து, மைனஸ் பத்து என்று அணை நிலவரம் நாளிதழில் தொடரும். மடைக்குக் கீழே கிடக்கும் மிச்சத்தைக்கூட அளந்து, பதிந்து, செய்தியாகத் தருகிறார்கள். கடமை தவறாதவர்கள்!

மன்னர் காலத்தில் சின்ன ஊருக்குக் கட்டிய அணை அது. ஊர் பெருத்து 2019இல் மாநகராட்சி ஆனது. பலகை மாறியது. முத்திரை மாறியது. குழாய் மட்டும் பழையபடி காற்றைத்தான் விட்டது.

மழை இல்லையா? இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் ஐயா இது. ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. வெள்ளம் வந்தால் படகில் வந்து பார்வையிடுகிறார்கள். வடிந்ததும் லாரித் தண்ணீருக்கு டோக்கன் கொடுக்கிறார்கள். நடுவில் யாரும் எதையும் தேக்குவதில்லை.

தேக்கியவர்கள் இருந்தார்கள். 1897இல் தொடங்கி 1906இல் பேச்சிப்பாறையில் கோதையாற்றை நிறுத்தினார்கள். திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாளின் கஜானா. மிஞ்சின் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர். ஜேசிபி கிடையாது, ஒன்பது வருஷம். அணைக்குப் பக்கத்திலேயே மிஞ்சினை அடக்கம் செய்திருக்கிறார்கள். அவருக்கு அது நல்லதுதான். புத்தன் அணையிலிருந்து நகரத்துக்குக் குழாய் பதிக்க 200 கோடிக்கு மேல் ஒதுக்கி, தெருத்தெருவாகத் தோண்டி, மூடி, மறந்துபோய் மறுபடி தோண்டியதை அவர் பார்க்கவில்லை.

வெள்ளைக்காரன் ஒழுங்கு என்று பெருமூச்சும் விடவேண்டாம். அவர்கள் 1989இல் இங்கிலாந்தில் தண்ணீரையே தனியாருக்கு விற்றார்கள். கம்பெனிகள் லாபத்தைப் பங்குதாரருக்கும் சாக்கடையை ஆற்றுக்கும் பிரித்துக் கொடுத்தன. நாம் கம்பெனி இல்லாமலே பழையாற்றில் அதைச் சாதித்திருக்கிறோம்.

குளங்களுக்கு வருவோம். சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தது. உலகமே மதிக்கிறதாம். சுவிட்சர்லாந்தில் ராம்சர் அலுவலகத்தில் இருப்பவனுக்குத் தெரிகிற குளம் சர்வேயர் கண்ணுக்குத் தெரியவில்லை. நாற்கரச் சாலைக்குக் கோடு போட்டவர்கள் குளங்களின் நெஞ்சில் போட்டார்கள். கடைவரம்பு விவசாயி கேட்டார்: தண்ணீர் எப்படி வரும்? வளர்ச்சி வரும் என்றார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயலில் இன்று கல் நட்டு, கொடி கட்டி, பிளாட் விற்கிறார்கள். விளம்பரத்தில் முதல் வரி, ‘வற்றாத நிலத்தடி நீர்’.

வேறு வழியில்லாமல் மக்கள் வழக்குப் போட்டார்கள். குளத்தை மூடாதீர்கள் என்று மதுரைக்குப் போய் முறையிட்டார்கள். அங்கே உயர் நீதிமன்றக் கிளை கம்பீரமாக நிற்கிறது, உலகனேரிக் கண்மாயில்.